கடல் கடந்து தொடங்கும் பேஸ்பால் சீசன்: டோக்கியோ டோமுக்கு முதன்முறை போகிறவர்களுக்கு

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் சீசன் வழக்கமாக மார்ச் கடைசி வாரத்தில் தொடங்கும். சில ஆண்டுகளில் மட்டும் இரண்டு அணிகள் மற்றவர்களுக்கு ஒரு வாரம் முன்பே விமானம் ஏறி, வேறொரு நாட்டில் முதல் இரண்டு ஆட்டங்களை ஆடிவிட்டு ஊர் திரும்பும். 2024-இல் தென்கொரியாவின் சோல் நகரில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸும் சான் டியேகோ பாட்ரேஸும் அப்படி ஆடினார்கள். 2025-இல் டோக்கியோவில் டாட்ஜர்ஸும் சிகாகோ கப்ஸும் மோதினார்கள். பேஸ்பாலே தெரியாத ஒருவர் முதலில் எந்த ஆட்டத்தைப் பார்க்கலாம் என்று கேட்டால், நான் இதைத்தான் சொல்வேன், அதுவும் டோக்கியோ டோம் என்ற கூரையிட்ட அரங்கில் நடக்கும்போது. பள்ளிக்கூட நாளிலிருந்து தாங்கள் பார்த்து வளர்ந்த வீரர்கள் கடல் தாண்டிப் போய்ப் பெரிய ஆளாகித் திரும்பி வந்து ஆடுவதைப் பார்க்க நாற்பதாயிரம் பேர் கூடியிருப்பார்கள். விதிகள் பாதி புரியாவிட்டாலும் அந்தக் கூட்டத்தின் மூச்சு உங்களுக்குப் புரியும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இது காட்சி ஆட்டம் இல்லை. ஒவ்வோர் அணியும் சீசனுக்கு 162 ஆட்டங்கள் ஆடுகிறது. டோக்கியோவில் ஆடுவது அதில் முதல் இரண்டு. வெற்றி, தோல்வி, ஒவ்வொரு வீரரின் கணக்கு எல்லாமே பதிவாகும். 2025 மார்ச் 18, 19 தேதிகளில் இரண்டையும் டாட்ஜர்ஸ் வென்றது. மற்ற 28 அணிகள் இன்னும் பயிற்சி ஆட்டங்களில் இருந்தபோதே பட்டியலில் அவர்கள் பெயருக்கு எதிரே இரண்டு வெற்றிகள் ஏறிவிட்டன.

அமெரிக்கா, கனடா இரண்டுக்கும் வெளியே சீசன் முதன்முதலாகத் தொடங்கியது 1999-இல், மெக்சிகோவின் மான்டெர்ரே நகரில். அடுத்த ஆண்டே டோக்கியோவுக்கு வந்தார்கள். பிறகு 2004, 2008, 2012, 2019, 2025 என்று டோக்கியோவுக்குத் திரும்பத் திரும்ப வந்திருக்கிறார்கள். 2014-இல் சிட்னி கிரிக்கெட் மைதானத்தையே பேஸ்பாலுக்காக மாற்றி அமைத்தார்கள். 2003-இல் டோக்கியோவில் நடக்கவிருந்த தொடர் ஈராக் போரால் கைவிடப்பட்டது. ஆக, இது ஆண்டுதோறும் வரும் திருவிழா இல்லை. அறிவிப்பு வந்தவுடன் வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

டிக்கெட்

இதில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஜப்பானில் பெரிய ஆட்டங்களுக்கு டிக்கெட் கொடுப்பது பெரும்பாலும் குலுக்கல் முறையில்தான். முந்திக்கொண்டு போய் வாங்கிவிட முடியாது. குறிப்பிட்ட தேதிக்குள் பெயர் பதிந்து, எந்த ஆட்டம், எந்த வகை இருக்கை என்று விருப்பம் சொல்ல வேண்டும். பெயர் விழுந்தால் தகவல் வரும், பணம் கட்ட வேண்டும். முதல் சுற்றில் விழாவிட்டால் அடுத்த சுற்றுக்குக் காத்திருங்கள். பல டிக்கெட் தளங்கள் ஜப்பானிய மொபைல் எண் கேட்கும். அங்கே வேலை பார்க்கும், படிக்கும் நண்பர் யாராவது இருந்தால் இந்த இடத்தில் அவரைக் கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு ஹோட்டலோடு சேர்த்து விற்கும் அதிகாரபூர்வப் பயணத் திட்டங்களும் உண்டு. விலை கூடுதல்தான், ஆனால் இருக்கை நிச்சயம்.

கூடுதல் விலைக்குக் கைமாறும் டிக்கெட்டைத் தொடாதீர்கள். 2019 ஜூன் முதல் ஜப்பானில் இதற்கென்றே சட்டம் இருக்கிறது. ஏற்பாட்டாளர் அனுமதியில்லாமல் டிக்கெட்டைக் கூடுதல் விலைக்கு விற்பதைத் தொழிலாகச் செய்தால் ஓராண்டு வரை சிறை, பத்து லட்சம் யென் வரை அபராதம். வாசலில் அடையாள அட்டை கேட்டு, பெயர் பொருந்தாவிட்டால் நீங்கள்தான் வெளியே நிற்பீர்கள். இவ்வளவு தூரம் போய் வாசலில் நிற்பது போன்ற வேதனை வேறில்லை.

டிக்கெட் கையில் வருவதற்கு முன்பே ஹோட்டல் பதிவு செய்வதென்றால், ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் அறையாகப் பாருங்கள். இந்தியா, இலங்கை கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஜப்பான் விசா தேவை. சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு என்றால் சுற்றுலாவுக்கு விசா வேண்டாம்.

முக்கிய ஆட்டத்துக்கு டிக்கெட் கிடைக்கவே இல்லையா? அதற்கு முந்தைய நாட்களைப் பாருங்கள். விருந்தாளி அணிகள் ஜப்பானிய கிளப் அணிகளோடு பயிற்சி ஆட்டங்கள் ஆடுவது வழக்கம். 2025 மார்ச் 15, 16 தேதிகளில் அதே டோமில் யோமியூரி ஜயன்ட்ஸும் ஹன்ஷின் டைகர்ஸும் இரண்டு அமெரிக்க அணிகளோடும் மோதின. ஹன்ஷின் அணி கப்ஸை 3-0 என்று தோற்கடித்தது, மறுநாள் டாட்ஜர்ஸையும் அதே 3-0. கணக்கில் சேராத ஆட்டம்தான், ஆனாலும் அந்த ஊர் ரசிகர்களுக்கு அது சின்ன விஷயமா என்ன! என்னைக் கேட்டால், தொடரை முழுதாக உணர இந்த ஆட்டங்களில் ஒன்றையாவது பார்ப்பது நல்லது.

எந்த இருக்கை? முதன்முறை பார்ப்பவர் மைதானத்துக்கு ஒட்டிய இருக்கைக்கு ஆசைப்பட வேண்டாம். பேட்டர் நின்று அடிக்கும் இடமான ஹோம் பிளேட்டுக்குப் பின்னால், மேல்தளத்தில் உட்காருங்கள். பிட்சர் (பந்து வீசுபவர்) வீசும் கோடும், அடித்த பந்துக்கு ஒன்பது பேரும் நகரும் விதமும் அங்கிருந்துதான் முழுதாகத் தெரியும். ஹோம் ரன் பந்து (எல்லைச் சுவரைத் தாண்டி அடித்தது) கைக்கு வர வேண்டும் என்ற ஆசை இருப்பவர்கள் வெளிக்களத்து இருக்கைக்குப் போகலாம்.

போய்ச் சேருவது

டோக்கியோ டோம் நகரின் நடுவிலேயே இருக்கிறது. ஜே.ஆர். ரயிலில் வந்தால் சுய்தோபாஷி நிலையம், சுரங்க ரயிலில் வந்தால் கோராகுவென் அல்லது கசுகா. மூன்றிலிருந்தும் நடந்தே போய்விடலாம். சுய்க்கா அட்டை ஒன்று வாங்கிப் பணம் ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள். ரயிலுக்கும் அதுதான், டோமுக்குள் சாப்பாட்டுக்கும் அதுதான். 2022 முதல் டோமுக்குள் கடைகளில் ரொக்கம் வாங்குவதில்லை. யென் நோட்டை நீட்டிக்கொண்டு நிற்காமல் கார்டோ சுய்க்காவோ தயாராக வைத்திருங்கள்.

ஆட்டம் வழக்கமாக இரவு 7 மணி வாக்கில்தான் தொடங்கும் என்றாலும் மதியமே போய்விடுங்கள். 21-ஆம் வாசலுக்குப் பக்கத்தில் ஜப்பானின் பேஸ்பால் அருங்காட்சியகம் இருக்கிறது, ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். பிறகு கதவு திறந்தவுடன் உள்ளே போய் பேட்டிங் பயிற்சியைப் பாருங்கள். டாட்ஜர்ஸின் ஜப்பானிய நட்சத்திரம் ஷோஹெய் ஓட்டானி போன்றவர்கள் பயிற்சியில் அடித்த பந்து எங்கே போய் விழுகிறது என்று பார்ப்பதே ஒரு காட்சி.

நுழையும்போது சுழல் கதவு வழியாகத்தான் விடுவார்கள். காரணம் தலைக்கு மேலே இருக்கிறது. 1988-இல் திறந்த இந்த அரங்கின் வெள்ளைக் கூரையைத் தாங்கத் தூண்கள் கிடையாது. உள்ளே காற்றழுத்தத்தை வெளியைவிட சுமார் 0.3 சதவீதம் கூட்டி வைத்து அதை உப்பலாக நிறுத்தியிருக்கிறார்கள். ஆட்டம் முடிந்து சாதாரணக் கதவு வழியாக வெளியே வரும்போது பின்னாலிருந்து காற்று பிடித்துத் தள்ளும். தொப்பியைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், குழந்தை கூட வந்தால் கையை விடாதீர்கள்.

கேன், கண்ணாடி பாட்டில் உள்ளே அனுமதி இல்லை. பெரிய பெட்டியை ஹோட்டலிலேயே விட்டுவிடுங்கள். மார்ச் நடுவில் டோக்கியோ மாலையில் குளிரும், ஆனால் டோமுக்குள் அவ்வளவு தெரியாது. கழற்றி மடியில் வைத்துக்கொள்ளும்படி ஒரு ஜாக்கெட் போதும். சைவம் சாப்பிடுகிறவர்கள் வெளியே சாப்பிட்டுவிட்டு வருவது நல்லது. பார்வைக்குச் சைவமாகத் தெரியும் நூடுல்ஸிலும் சூப்பிலும் பெரும்பாலும் மீன் வடிசாறு கலந்திருக்கும். பொரித்த உருளைக்கிழங்கு, பாப்கார்ன் பிரச்சினையில்லை.

முதுகில் பீர் பீப்பாயைச் சுமந்தபடி இளம்பெண்கள் படிக்கட்டு முழுக்க ஏறி இறங்குவார்கள். வேண்டுமானால் கையை உயர்த்தினால் போதும், உட்கார்ந்த இடத்துக்கே வந்து ஊற்றிக் கொடுப்பார்கள். ஊழியர்கள் விசில் ஊதினால் உடனே நிமிர்ந்து பாருங்கள், உங்கள் பக்கம் ஃபவுல் பந்து (கோட்டுக்கு வெளியே அடித்த பந்து) வருகிறது என்று அர்த்தம். போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் நிஜமாகவே அடிபடும். கிளம்பும்போது குப்பையை நீங்களே எடுத்துப் போய்த் தொட்டியில் போடுங்கள். அங்கே எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

இனி ஆட்டம்

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு பேஸ்பால் முதல் அரைமணி நேரம் எரிச்சலாகத்தான் இருக்கும். பந்து வருகிறது, அடிக்கவில்லை. மறுபடி வருகிறது, அடித்தது பின்னால் போகிறது, கணக்கில் இல்லை. ஒன்றுமே நடக்கவில்லை என்று தோன்றும். நடக்கிறது, நாம் பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அடிப்படை இதுதான். ஒவ்வோர் அணிக்கும் ஒன்பது இன்னிங்ஸ். ஒரு இன்னிங்ஸில் மூன்று பேர் அவுட் ஆனால் அடுத்த அணி அடிக்க வரும். பேட்டரின் முழங்காலுக்கும் மார்புக்கும் நடுவே, ஹோம் பிளேட்டுக்கு மேலே கற்பனையாக ஒரு பெட்டி இருக்கிறது. அதற்குள் பந்து வந்து பேட்டர் அடிக்காவிட்டால் ஸ்ட்ரைக். பந்து எங்கே வந்தாலும் வீசிக் கோட்டைவிட்டால் அதுவும் ஸ்ட்ரைக். பெட்டிக்கு வெளியே வந்து அவர் விட்டுவிட்டால் பால். மூன்று ஸ்ட்ரைக் என்றால் அவுட், நான்கு பால் என்றால் பேட்டர் இலவசமாக முதல் பேஸுக்கு நடக்கலாம் (பேஸ் என்பது ஓடித் தொட வேண்டிய நிறுத்தம், மூன்றையும் சுற்றி ஹோம் பிளேட்டுக்கு வந்தால் ஒரு ரன்). இரண்டு பக்கக் கோட்டுக்கு வெளியே அடித்தால் ஃபவுல், அது இரண்டாவது ஸ்ட்ரைக் வரை மட்டும் கணக்கில் ஏறும். உள்ளே அடித்தால் மட்டையைப் போட்டுவிட்டு ஓடியே ஆக வேண்டும். நம்மூர் பேட்ஸ்மேன் போல ஓடாமல் நிற்கும் உரிமை இல்லை. அதனால்தான் பத்து முறையில் மூன்று முறை ஹிட் அடிப்பவரே (அதாவது அடித்துவிட்டு அவுட் ஆகாமல் பேஸை எட்டுபவரே) சிறந்த பேட்டர் என்று கொண்டாடப்படுகிறார்.

ஸ்கோர்போர்டில் மூன்று வரிசை விளக்குகளைத் தேடுங்கள். பச்சை விளக்கு பால், மஞ்சள் ஸ்ட்ரைக், சிவப்பு அவுட். ஒவ்வொரு பந்துக்கு முன்பும் அந்த விளக்குகளைப் பாருங்கள், பிறகு பிட்சரைப் பாருங்கள். மூன்று பச்சை, ஒரு மஞ்சள் என்றால் பிட்சர் நெருக்கடியில் இருக்கிறார், பெட்டிக்குள் போட்டே ஆக வேண்டும், பேட்டர் காத்திருக்கிறார். பச்சையே இல்லாமல் இரண்டு மஞ்சள் என்றால் நிலைமை தலைகீழ், பிட்சர் வெளியே போட்டு ஏமாற்றப் பார்ப்பார். இந்த ஒன்றைப் பழகிக்கொண்டால் போதும், அரங்கம் ஏன் திடீரென்று அமைதியாகிறது, ஏன் முனகுகிறது என்பது தானாகப் பிடிபட்டுவிடும்.

2025 முதல் ஆட்டத்தையே பாடமாக எடுத்துக்கொள்வோம். டாட்ஜர்ஸுக்கு யோஷினோபு யமமோட்டோ, கப்ஸுக்கு ஷோட்டா இமானகா. மேஜர் லீக் சீசனின் தொடக்க ஆட்டத்தில் இரண்டு பக்கமும் ஜப்பானியப் பிட்சர்கள் தொடங்கியது அதுவே முதல்முறை. இமானகாவின் முதல் பந்தைச் சந்திக்க நின்றவர் ஓட்டானி. நான்கு இன்னிங்ஸ் வீசி முடித்தபோது இமானகாவிடம் டாட்ஜர்ஸ் ஒரு ஹிட் கூட அடித்திருக்கவில்லை. கப்ஸ் 1-0 என்று முன்னிலை. ஐந்தாவது இன்னிங்ஸுக்கு அவர் வரவில்லை, மாற்றிவிட்டார்கள்.

புதிதாகப் பார்ப்பவர் இங்கே குழம்பிப் போவார். இவ்வளவு நன்றாகப் போடுகிறவரை ஏன் எடுக்கிறார்கள்? எண்ணிக்கையைப் பாருங்கள். நான்கு இன்னிங்ஸுக்கு 69 பந்து, அதில் நான்கு பேருக்கு இலவச நடை. ஹிட் விழவில்லையே தவிர, ஒவ்வொரு பேட்டரிடமும் பச்சை விளக்குகள் ஏறிக்கொண்டே இருந்தன. சீசனின் முதல் ஆட்டத்தில், அதுவும் மற்ற அணிகளுக்கு ஒரு வாரம் முன்பே, எந்தப் பிட்சரின் தோளும் நூறு பந்துக்குத் தயாராகியிருக்காது. இனியும் அரை ஆண்டு ஆட வேண்டும். அவர் போனவுடன் ஐந்தாவது இன்னிங்ஸிலேயே டாட்ஜர்ஸ் மூன்று ரன் எடுத்தது, கடைசியில் 4-1 என்று வென்றது. வெளிநாட்டுத் தொடக்க ஆட்டங்களில் இந்த நேரத்துக்காகக் காத்திருங்கள். நான்காவது, ஐந்தாவது இன்னிங்ஸில் முதல் பிட்சர் போய் அடுத்தவர் வரும்போதுதான் ஆட்டம் பெரும்பாலும் திரும்பும். டீ வாங்கப் போவதென்றால் அதற்கு முன்பே போய்விட்டு வாருங்கள்.

யமமோட்டோவின் கதையையும் தெரிந்துகொண்டு போனால் அந்த இரவு இன்னும் கனக்கும். ஓராண்டுக்கு முன்பு சோலில் அவருக்கு மேஜர் லீக்கில் முதல் ஆட்டம். ஒரே இன்னிங்ஸ் வீசினார், ஐந்து ரன் கொடுத்தார், அத்தோடு சரி. அந்த ஆட்டத்தை பாட்ரேஸ் 15-11 என்று வென்றது. அவர்தான் டோக்கியோவில் தன் நாட்டு மக்கள் முன்னால் ஐந்து இன்னிங்ஸுக்கு ஒரே ரன் கொடுத்து வென்றார். அதே ஆண்டு மேஜர் லீக்கின் இறுதித் தொடரான உலகத் தொடரின் சிறந்த வீரர் விருதும் அவருக்குத்தான். இரண்டாவது ஆட்டத்தில் டாட்ஜர்ஸின் 23 வயது ஜப்பானியப் பிட்சர் ரோக்கி சசாக்கிக்கு முதல் மேஜர் லீக் ஆட்டம், மூன்று இன்னிங்ஸில் ஐந்து பேருக்கு இலவச நடை. பதற்றம் உடம்பில் தெரிந்தது. ஐந்தாவது இன்னிங்ஸில் ஓட்டானியின் ஹோம் ரன். பந்தைத் தொட ரசிகர் ஒருவர் கையை நீட்டியதால் நடுவர்கள் வீடியோவில் சரிபார்த்து, ஹோம் ரன்தான் என்று உறுதி செய்தார்கள். ஆட்டம் 6-3 என்று டாட்ஜர்ஸுக்குப் போனது.

இன்னும் சில விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேஸில் ஆள் இல்லாவிட்டால் 15 நொடிக்குள், இருந்தால் 18 நொடிக்குள் பிட்சர் வீச வேண்டும், கடிகாரம் கண்ணெதிரே ஓடும். மேஜர் லீக்கில் டிரா கிடையாது. பத்தாவது இன்னிங்ஸ் முதல் இரண்டாவது பேஸில் ஓர் ஆளை நிறுத்தித் தொடங்குவார்கள். இரண்டு அணிக்கும் சொந்த மைதானம் இல்லாவிட்டாலும் காகிதத்தில் ஒன்று ‘உள்ளூர் அணி’, அது இரண்டாவதாக அடிக்கும். 2025-இல் இரண்டு ஆட்டத்திலும் அது கப்ஸ்.

ஜப்பானிய லீக் ஆட்டங்களில் எக்காளமும் மேளமும் ஒவ்வொரு வீரருக்கும் தனிப் பாட்டுமாக வெளிக்களம் அதிரும். மேஜர் லீக் ஆட்டத்துக்கு அந்தக் குழுக்கள் வருவதில்லை. பந்து மட்டையில் படும் சத்தம் மேல்தளம் வரை கேட்கும். எனக்கு இரண்டுமே பிடிக்கும், ஆனால் ஆட்டத்தைக் கற்றுக்கொள்ள வந்தவருக்கு இந்த அமைதி உதவும். நேரம் இருந்தால் ஜப்பானிய லீக் ஆட்டம் ஒன்றையும் பார்த்துவிட்டு வாருங்கள், அந்த லீக் சீசனும் மார்ச் கடைசியில் தொடங்கும்.

கடைசி அவுட் விழுந்தவுடன் ரயிலைப் பிடிக்க ஓடாதீர்கள். 2019 மார்ச் 21 அன்று, ஜப்பானிலிருந்து போய் மேஜர் லீக்கில் புகழ்பெற்ற இச்சிரோ சுசுகிக்கு அதே டோமில் கடைசி ஆட்டம், வயது 45. எட்டாவது இன்னிங்ஸில் அவரைத் தனியாகக் களத்திலிருந்து அழைத்துக்கொண்டார்கள். சக வீரர்கள் ஒவ்வொருவராகக் கட்டித் தழுவினார்கள். அன்று தன் முதல் மேஜர் லீக் ஆட்டத்தில் பிட்ச் செய்த சக ஜப்பானியர் யுசெய் கிக்குச்சி அழுதே விட்டார். பன்னிரண்டு இன்னிங்ஸ் போய் ஆட்டம் முடிந்த பிறகும் கூட்டம் எழுந்து போகவில்லை. இச்சிரோ மறுபடி களத்துக்கு வந்து கையசைத்தார். அவசரமாகக் கிளம்பியவர்களுக்கு அது கிடைக்கவில்லை.

போக முடியாதவர்களுக்கு

வீட்டிலிருந்து பார்க்கலாம், நம் நேரம் இதற்கு வசதியாகவே அமைகிறது. டோக்கியோவில் இரவு 7:10 என்றால் சென்னையிலும் கொழும்பிலும் பிற்பகல் 3:40, சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் மாலை 6:10. டொரன்டோவில் இருப்பவர்கள் காலை 6:10-க்கு எழ வேண்டும். லண்டனில் காலை 10:10. மேஜர் லீக்கின் சொந்த ஒளிபரப்புச் சேவையான எம்.எல்.பி. டிவி பல நாடுகளில் கிடைக்கிறது, உங்கள் நாட்டில் எந்த ஆட்டம் தடையின்றி வரும் என்று சந்தா கட்டும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். திரையின் ஓரத்தில் பால், ஸ்ட்ரைக் எண்ணிக்கையும் பிட்சர் இதுவரை வீசிய பந்துக் கணக்கும் ஓடும். அந்த இரண்டு எண்களை மட்டும் பின்தொடருங்கள்.

தொடர் முடிந்ததும் இரண்டு அணிகளும் அமெரிக்கா திரும்பி, மறுபடி சில பயிற்சி ஆட்டங்கள் ஆடிவிட்டுத்தான் மற்றவர்களோடு சேர்ந்து சீசனைத் தொடரும். 2025-இல் அது மார்ச் 27. அதுவரைக்கும் பட்டியலில் முன்னால் தெரியும் அணியைப் பார்த்து எதையும் முடிவு கட்ட வேண்டாம், இன்னும் 160 ஆட்டம் பாக்கி இருக்கும். டோக்கியோவில் உங்களுக்குப் பிடித்துப்போன பிட்சர் அடுத்து எந்தத் தேதியில் வீசுகிறார் என்று மட்டும் பார்த்து வையுங்கள். வழக்கமாக ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை அவர் முறை வரும்.